அஞ்சேல் பட்டியல்: டிராகனைத் தொழும் எல்ஃப் குடி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, டைஸ் உருட்டிக் கதை நடத்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம் ஒன்றின் ஆறாவது செஷனில் கோயில் காட்சி வந்தது. குகை வாசலில் இருநூறு எல்ஃப்கள் (மனிதரைப் போன்ற, நெடுநாள் வாழும் கற்பனை இனத்தவர்) கூடியிருக்கிறார்கள். பிறந்த நாள் முதல் அவர்கள் தொழுதுவரும் செந்நிற டிராகன் தலையை வெளியே நீட்டுகிறது. ஆட்டத்தை நடத்தும் டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) விதிப்புத்தகத்தில் உள்ளபடியே டைஸ் உருட்டினார். கூட்டத்தில் பத்துக்கு ஒன்பது பேர் பயந்து, நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்கள். படையல் தட்டோடு முன்னே வந்த பூசாரியும் அதில் ஒருவர். அதற்கு மேல் அவரால் ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை. "என்ன சாமிப்பா இது? இத்தனை வருஷம் படையல் வெச்சது யாரு?" என்று மேசையில் ஒருவர் கேட்க, ஆட்டம் அங்கேயே நின்றுபோனது.

இன்று அழல்வரையர் என்ற பெயரில் இருக்கும் இனம் அந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோது உருவானதுதான். ஆடும் குழு பெங்களூரு அல்சூரில் கூடும் தமிழ்க் குழு. ஐந்து பிளேயர்கள், ஒரு டிஎம். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை மாலை கூடுகிறார்கள். ஒருவர் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்தும் ஒருவர் ஒயிட்ஃபீல்டிலிருந்தும் வந்து சேர வேண்டும் என்பதால் நான்கு மணி நேரம் என்று பேருக்குச் சொன்னாலும் கைக்கு வருவது மூன்றுதான். இந்த நேரக் கணக்கு ஆய்வுக்கு முக்கியம். மூன்று மணி நேர ஆட்டத்தில் ஓர் இனத்தின் பண்பாட்டை யாரும் உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அது ஒரு விதியாகவோ, ஒரு செலவாகவோ, செய்தே தீர வேண்டிய ஒரு வேலையாகவோ இருந்தால் மட்டுமே மேசையில் தெரியும். மற்றதெல்லாம் டிஎம்மின் நோட்டிலேயே தூங்கும்.

கையாளப்பட்டது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகள். 2024 திருத்தத்தில் திறன் எண்கள் (சுறுசுறுப்பு, அறிவு போன்றவற்றுக்குக் கிடைக்கும் கூட்டல்) இனத்திலிருந்து கழன்று பாத்திரத்தின் முன்கதையான பின்னணிக்குப் போய்விட்டன. ஆகவே புதிய பதிப்பில் ஆடுவோர் கீழே வரும் எண்களை அப்படியே எடுக்கக் கூடாது. 2014 விதிகளின் அடிப்படைத் தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டால் அதன்மேல் சொந்த இனத்தைக் கட்டிப் பிறருக்கும் கொடுக்கலாம்.

முதல் தாள்

முதல் வரைவு ஒரே பக்கம். இனத்தின் பெயர் நாக்கில் நிற்காத ஒன்று, நடுவே ஒற்றை மேற்கோள் குறி வேறு. பொன்நிறக் கண், தோளில் செதில் தழும்பு, டிராகன் எலும்பில் செய்த வாள். எல்ஃபுக்குரிய அடிப்படைகள் எல்லாம் உண்டு: சுறுசுறுப்பு +2, 60 அடிவரை இருட்பார்வை, கூர்ந்து கவனிக்கும் திறன், மயக்கும் மந்திரத்துக்கு எதிராக இரட்டை உருட்டு (இரு முறை உருட்டிப் பெரியதை எடுப்பது), மந்திரத் தூக்கம் பிடிக்காமை, நான்கு மணி நேரத் தியானமே இரவுத் தூக்கம். இவற்றின் மேல், டிராகன் உருவ மனிதர்களான டிராகன்பார்ன் இனத்தின் நெருப்பு மூச்சையும் நெருப்புத் தாங்குதலையும் கொண்டுவந்து ஒட்டியிருந்தார்கள்.

கெட்டது எப்படி என்று கணக்கே சொல்லும். முதல் லெவலில் மூச்சின் சேதம் 2டி6, அதாவது ஆறு முக டைஸ் இரண்டின் கூட்டு, சராசரி 7. டிசி, அதாவது தப்புவதற்கு எதிராளி இருபது முக டைஸில் எட்ட வேண்டிய எண், 12. ஆளுக்கு 7 ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) கொண்ட நான்கு காப்ளின்கள், குட்டி அரக்கர்கள், மூச்சு பரவும் 15 அடிக் கூம்புக்குள் நிற்கின்றன. காப்ளின் தன் உருட்டோடு 2 கூட்டிக்கொள்ளும் என்பதால் நூற்றுக்கு 45 முறை முழுச் சேதமும் 55 முறை பாதிச் சேதமும் வாங்கும். பாதியைக் கீழ்நோக்கி முழுமையாக்கினால் சராசரி 3.25. நான்கையும் கூட்டினால் 28 ஹிட் பாயிண்டுக்கு எதிரே ஒரே மூச்சில் ஏறக்குறைய 20 சேதம். பக்கத்தில் நீள்வாள் வீசும் போர்வீரர், அடி பட்டால், எடுப்பது 7.5. மற்ற நான்கு பேரும் வேடிக்கை பார்த்தார்கள்.

எண்ணைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று டிஎம் முதலில் 1டி6 ஆக்கிப் பார்த்தார். அது சின்ன வைத்தியம். நோய் வேறு இடத்தில் இருந்தது. தானே நெருப்பு ஊதத் தெரிந்தவன் நெருப்பை ஏன் கும்பிட வேண்டும்? தொழுபவருக்கும் தொழப்படுவதற்கும் நடுவே ஓர் இடைவெளி வேண்டும். டிராகன் ரத்தம் ஓடும் எல்ஃப் என்பது வேறொரு இனம். அவனுக்கு டிராகன் தாத்தா முறை, சாமி முறை அல்ல.

ஆகவே மூச்சு, தாங்குதல், ஐந்தாம் லெவலில் முளைப்பதாக இருந்த சிறகு மூன்றும் போயின. பதிலாக உயர் எல்ஃப் கிளையை எடுத்து இடத்துக்கு இடம் மாற்றினார்கள். அறிவு +1 இருந்த இடத்தில் விவேகம் +1. நான்கு ஆயுதப் பயிற்சி இருந்த இடத்தில் பேசி இணங்க வைக்கும் திறனும் கால்நடை கையாளும் திறனும். கூடுதல் மொழி இருந்த இடத்தில் டிராகன் மொழி. ஒரு சிறு மந்திரம் இருந்த இடத்தில் சாம்பல் பூச்சு, அது பின்னால் வருகிறது. சொந்தமாக இனம் கட்டுவோருக்கு இதைவிடப் பத்திரமான வழி இல்லை: புதிதாகச் சேர்க்காதீர்கள், இருக்கும் ஒன்றைக் கழற்றி அந்த ஆணியில் மாட்டுங்கள்.

அச்சம்

இனி கோயில் காட்சி. வளர்ந்த செந்நிற டிராகனின் அச்சப் பார்வை 120 அடி எட்டும், டிசி 19. சாதாரண ஊர்க்காரரின் விவேகம் +0. இருபது முக டைஸில் 19 அல்லது 20 விழுந்தால்தான் தப்பலாம், அதாவது நூற்றுக்குப் பத்து. இருநூறு பேரில் 180 பேர் பயந்தார்கள். பரம்பரைப் பக்தர்கள் என்று சொல்லி இரட்டை உருட்டு கொடுத்தாலும் தேறுவது நூற்றுக்கு 19, ஆக 162 பேர் அப்போதும் பயப்படுவார்கள். பயந்தவர் ஓடியே ஆக வேண்டும் என்று விதி சொல்லவில்லை. பயத்தின் மூலத்தை நோக்கித் தானாக நெருங்க முடியாது, அதைப் பார்க்கும் வரை எல்லாத் தாக்குதலிலும் திறன் சோதனையிலும் பின்னடைவு, அவ்வளவுதான். கோயிலுக்கு அதுவே போதும். நெருங்க முடியாத சாமிக்கு நைவேத்தியம் வைப்பது எப்படி?

பலரும் செய்வது, அந்த இனத்துக்கு அச்சமே பிடிக்காது என்று ஒரு வரி எழுதிவிடுவது. குழுவும் அதைத்தான் முதலில் யோசித்தது. நல்லவேளை, செய்யவில்லை. அப்படிச் செய்தால் டிராகன் அவர்களுக்குப் பெரிய மாடு ஆகிவிடும். சங்கப் பாடல்களில் அணங்கு என்று ஒரு சொல் வரும். வருத்துவதும் அதுவே, வணங்கப்படுவதும் அதுவே. அச்சத்தை எடுத்துவிட்டால் தொழுகையின் முதுகெலும்பு போய்விடும்.

தீர்வு விதியின் வாசகத்துக்குள்ளேயே இருந்தது. அச்சப் பார்வை எட்டும் தூரத்தில் உள்ள எல்லோர்மேலும் தானாக விழுவதில்லை. டிராகன் யாரைத் தேர்ந்தெடுக்கிறதோ அவர்கள்மேல்தான் விழும். அப்படியென்றால் ஒருவரை விட்டுவைப்பதும் டிராகனின் கையில் இருக்கிறது. நம் கோயில்களில் அபயக் கை காட்டும் சிலையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். அஞ்சேல் என்பதுதான் அந்தக் கை சொல்வது. அழல்வரையருக்கு அருள் என்பது மழையோ பொன்னோ வெற்றியோ இல்லை. டிராகன் உன்னைப் பார்க்கும்போது நீ நடுங்காமல் நிற்பது, அது ஒன்றே அருள்.

இதிலிருந்து சடங்குகள் தாமாகவே கிளைத்தன. டிராகன் ஒருவரை விட்டுவைக்க வேண்டுமென்றால் முதலில் அவர் யார் என்று அதற்குத் தெரிய வேண்டும். ஆகவே ஆண்டுக்கு ஒரு முறை ஊரார் பெயர்கள் அனைத்தும் குகை வாசலில் உரக்கப் படிக்கப்படும். அதுதான் அஞ்சேல் பட்டியல். படிப்பவர் பூசாரி. பட்டியலிலிருந்து ஒரு பெயரை விட்டுவிடும் வாய்ப்பும் அவருக்கு உண்டு என்பதால் அந்த ஊரில் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று தனியாக எழுத வேண்டியிருக்கவில்லை.

பட்டியலில் இல்லாத வெளியூர்க்காரர், மற்ற இனத்தவர் வந்தால்? அதற்கும் விதியில் வழி உண்டு. அச்சம் நீடிப்பது ஒரு நிமிடம். நீங்கிவிட்டால், உருட்டித் தேறினாலும் நேரம் முடிந்தாலும், அடுத்த 24 மணி நேரம் அந்த டிராகனின் அச்சம் அவரைத் தொடாது. ஆகவே விருந்தாளி குகைக்கு எதிரே ஒரு வட்டக் கல்லில் ஏறி ஒரு நிமிடம், அதாவது பத்துச் சுற்று, நடுங்கியபடி நிற்க வேண்டும். ஊரார் சிரிக்காமல் சுற்றி நிற்பார்கள். நிமிடம் முடிந்ததும் பூசாரி கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போவார். இதற்கு நிலைநிற்றல் என்று பெயர். மேசையில் இந்தச் சடங்கு நடந்தபோது பத்துச் சுற்றையும் டிஎம் வாய்விட்டு எண்ணினார். ஐந்து பிளேயர்களில் மூன்று பேர் செல்போனைக் கீழே வைத்தது இந்தச் சடங்கு வேலை செய்கிறது என்பதற்கு நல்ல அறிகுறி.

நூறு வயது

இனத்தின் வலுவான பகுதி யாரும் திட்டமிடாமல் அமைந்தது. விதிப்புத்தகத்தில் எல்ஃபின் வயதுக் குறிப்பையும் டிராகனின் வயதுப் பிரிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்ஃப் உடலளவில் மனிதனைப் போலவே வளர்ந்துவிடுகிறான். ஆனால் பெரியவன் என்று உரிமை கொண்டாடிப் பெரியவர் பெயரைச் சூடிக்கொள்வது நூறு வயதை ஒட்டி. ஆயுள் 750 வரை. டிராகன் ஐந்து வயது வரை குஞ்சு, ஆறு முதல் 100 வரை இளசு, 101 முதல் 800 வரை வளர்ந்தது, 801 முதல் முதுடிராகன்.

அச்சப் பார்வை குஞ்சுக்கும் கிடையாது, இளசுக்கும் கிடையாது. 101ஆம் வயதில்தான் வருகிறது.

ஒரே ஆண்டில் ஓர் எல்ஃப் குழந்தையும் ஒரு டிராகன் குஞ்சும் பிறந்தால் நூறு ஆண்டுகள் இருவரும் அச்சமே இல்லாமல் ஒன்றாக ஓடித் திரியலாம். பிறகு ஓர் ஆண்டில், தோழமை மாறாமலே, ஒருவர் மற்றவரைக் கண்டு நடுங்க வேண்டிய காலம் வருகிறது. சரியாக அதற்கு முந்தைய ஆண்டு எல்ஃபுக்குப் பெரியவர் பெயர் சூட்டப்படுகிறது. ஏன் நூறு வயதில் பெயர் மாற வேண்டும் என்ற கேள்விக்கு அழல்வரையரிடம் இப்போது விடை உண்டு: பட்டியலில் ஏற்றுவதற்காக. சிறுவயதுப் பெயர் விளையாட்டுக்கு. பெரியவர் பெயர் அஞ்சாமல் நிற்பதற்கு.

இப்படிச் சேர்ந்து பிறந்தவர்களுக்கு உடன்பொரிந்தோர் என்று பெயர் வைத்தார்கள். உடன்பிறந்தோர் என்ற சொல் காதில் இருப்பதால் விளக்கமே தேவைப்படவில்லை. இந்த ஒரு சொல், முதல் தாளின் செதில் தழும்பு, எலும்பு வாள் அத்தனையையும் விட அதிக வேலை செய்தது.

இதிலும் ஒரு சிக்கல். இருநூறு பேர் கொண்ட ஊர், ஆயுள் 750, மக்கள்தொகை ஏறாமல் இறங்காமல் இருக்க வேண்டும் என்றால் 3.75 ஆண்டுக்கு ஒரு குழந்தைதான் பிறக்க முடியும். முட்டை பொரியும் ஆண்டில் ஊரில் குழந்தையே பிறக்காமல் போவதுதான் பெரும்பாலும் நடக்கும். முதல் கணக்கில் பிளேயர்கள் எல்லோரும் ஆளுக்கொரு டிராகனோடு உடன்பொரிந்தவர்களாக இருக்க ஆசைப்பட்டார்கள். கணக்குப்படி அது நடக்காது, நடந்தால் அந்த உறவுக்கு மதிப்பும் இருக்காது. முடிவில் ஐந்து பேரில் ஒருவருக்கு மட்டும், அதுவும் சீட்டுக் குலுக்கி. முட்டையைக் குளிர்ந்த சாம்பலில் புதைத்து வைத்தால் அது காத்திருக்கும், ஊரில் ஒருத்தி கருவுற்றது உறுதியானதும் அடுப்புக்கு மாற்றுவார்கள் என்று டிஎம் ஒரு வழக்கம் சேர்த்தார். எந்த வீட்டுப் பெண்ணுக்காக எந்த முட்டை எடுக்கப்படும் என்பதில்தான் அந்த ஊரின் சண்டைகள் எல்லாம்.

தீனிக் கணக்கு

பக்தி நூல்கள் சொல்லாமல் விடுவதும் கோயில் கணக்கப்பிள்ளை விடாமல் எழுதுவதும் ஒன்றுதான்: சாப்பாட்டுச் செலவு. முதல் வரைவில் இருநூறு எல்ஃப்களுக்கு மூன்று வளர்ந்த டிராகன்கள். ஒரு பிளேயர் பேப்பரில் கணக்குப் போட்டார். டிராகனின் எடையை விதிப்புத்தகம் தரவில்லை, பத்து டன் என்று வைத்துக்கொண்டார்கள். உயிரியலாளர் மேக்ஸ் கிளைபர் 1932இல் காட்டியது: உடலுக்கு வேண்டிய ஆற்றல் எடையின் முக்கால் அடுக்காக ஏறும். 180 கிலோ சிங்கத்துக்கு நாளுக்கு ஆறு கிலோ இறைச்சி என்று எடுத்தால் பத்து டன் டிராகனுக்குச் சுமார் 120 கிலோ. ஒரு மாட்டில் 150 கிலோ இறைச்சி தேறும் என்றால் ஐந்து நாளுக்கு நான்கு மாடு, ஆண்டுக்கு ஏறக்குறைய 290. மூன்று டிராகனுக்கு 870. மந்தையில் ஆண்டுக்குப் பத்தில் ஒன்றுக்கு மேல் கழிக்கக் கூடாது என்றால் 8,700 மாடு வேண்டும். இருநூறு பேர் அதை மேய்க்க முடியாது. அவர்கள் எல்ஃப்கள்தான், மாட்டுப் பண்ணை கூலியாட்கள் இல்லை என்று ஒருவர் சொன்னது நியாயமே.

வழி: டிராகனின் உடல் ஊர்வனவற்றைப் போல மெதுவாக இயங்கட்டும். ஊர்வனவற்றின் ஆற்றல் தேவை அதே எடையுள்ள பாலூட்டியில் சுமாராகப் பத்தில் ஒரு பங்கு. அப்படியானால் ஒரு டிராகனுக்கு ஆண்டுக்கு முப்பது மாடு, மந்தை முந்நூறு. மூன்று வளர்ந்த டிராகன்கள் ஒன்றாகக் குறைந்தன. அமாவாசைக்கு ஒன்று, பௌர்ணமிக்கு ஒன்று என்றால் ஆண்டுக்கு 24 அல்லது 25. மீதி ஐந்தாறு பட்டியல் படிக்கும் திருவிழாவுக்கு. மந்தை 280க்குக் கீழே போனால் ஊரே பதறும். இந்த ஓர் எண் மேசையில் எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் மாட்டைத் திருட வந்த, ஓர்க் என்னும் அரக்க இனக் கூட்டம் திடீரெனப் பெரிய ஆபத்தாகிவிட்டது. மெதுவான உடல் என்றால் நீண்ட தூக்கமும் சேர்ந்து வரும். தூங்கும் டிராகனைக் காவல் காப்பது அடுத்த வேலை. எல்ஃபின் தியானம் நான்கு மணி நேரம், அது சரியாகப் பத்து நாழிகை. நாளுக்கு அறுபது நாழிகை, ஆறு முறைக்காவல். ஒருவர் தியானத்தில் உட்காரும் நேரமும் ஒரு முறைக்காவலின் நேரமும் ஒன்றே என்பதால் கடிகாரம் இல்லாமலே மாற்றிக்கொள்ளலாம்.

நிறம்

இது சீக்கிரம் சொல்லி முடிக்க வேண்டிய பகுதி, ஆனால் குழுவுக்குள் அதிகம் வாக்குவாதம் நடந்ததும் இதில்தான். விதிப்படி டிராகன்களில் ஐந்து வண்ண வகை, ஐந்து உலோக வகை. முன்னவை தீயவை, பின்னவை நல்லவை. முதல் வரைவு அதைப் பார்த்து எல்ஃப்களையும் பத்துக் குலமாகப் பிரித்தது. பிறந்த குலம் எதுவோ குணமும் அதுவே. மூன்றாவது செஷனிலேயே பிளேயர்கள் விளையாட்டுப் போக்கில் "நீ எந்தக் கலரு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று தமிழ் மேசையில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு பேர் இதை ஆட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சரியாகத்தான் சொன்னார்கள்.

பிறப்புக் குலம் நீக்கப்பட்டது. நூறு வயதில் பெயர் சூடும்போது எந்த மலைக்குத் தொண்டு செய்வது என்று அவரவரே சொல்லலாம், பிறகு ஒரு முறை மாற்றவும் செய்யலாம். டிராகனின் நிறம் அதன் மூச்சு எதுவென்று மட்டும் சொல்லும்: சிவப்பு, பொன், பித்தளைக்கு நெருப்பு; நீலம், வெண்கலத்துக்கு மின்னல்; கறுப்பு, செம்புக்கு அமிலம்; பச்சைக்கு நஞ்சு; வெள்ளை, வெள்ளிக்குக் குளிர். குணத்தை அது வளர்ந்த விதம் சொல்லட்டும்.

சொல்லும் பேச்சும்

டிராகனைத் தமிழில் என்ன சொல்வது? நாகம் என்று ஒரு மாதம் ஆடினார்கள். பெங்களூரில் தெருவுக்குத் தெரு அரச மரத்தடியில் நாகக்கல் இருக்கிறது. மஞ்சள், குங்குமம், பால் எல்லாம் ஆட்டத்துக்குள் தானாக வந்து சேர்ந்துவிட்டன. கூடவே பிள்ளைப்பேறு, தோஷம், புற்று எல்லாமும் வந்தன. புற்றில் மறைந்து வாழ்வதன்மேல் உள்ள பயபக்தி வேறு, மலையுச்சியிலிருந்து ஊரையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒன்றின்மேல் உள்ளது வேறு. அடுத்து யாளி. விஜயநகரக் காலத் தூண்களில் யாளி காவல் நிற்கிறது, ஆனால் அது சாப்பிடுவதில்லை, பதில் சொல்வதில்லை. இறுதியில் பேச்சில் டிராகன் என்றே வைத்துக்கொண்டார்கள். அழல்வரையர் வாயில் மட்டும் அது அழல். ஒற்றைச் சொல், பெயர் சொல்லாமல் குறிப்பிடும் மரியாதையோடு.

டிராகன் மொழிக்கு டிஎம் செந்தமிழ் பேசிப் பார்த்தார். பழைய ராஜா காலத்துப் படம்போல் ஆகி எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சொற்களை விட்டுவிட்டு முன்னிலைப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டது நல்ல திருத்தம். டிராகன் எல்லோரையும் நீ என்றே சொல்லும், அரசனாக இருந்தாலும். உடன்பொரிந்தவரை மட்டும், அவர் பெயர் சூடிய பிறகு, நீர் என்று சொல்லும். எல்ஃப்கள் டிராகனைத் தாங்கள் என்பார்கள். உடன்பொரிந்தவர் மட்டும் தனியாக இருக்கும்போது நீ என்பார். இவ்வளவுதான் விதி. ஒன்பதாவது செஷனில் பிளேயர் ஒருவர் கூட்டத்துக்கு நடுவே டிராகனை வாய்தவறி நீ என்றுவிட்டார். மேசை சட்டென்று அமைதியானது. இதற்கு ஒரு டைஸ்கூட உருட்ட வேண்டியிருக்கவில்லை.

வானத்தைப் பற்றியும் ஒரு திருத்தம். வடவானில் டிராகன் விண்மீன் கூட்டம் ஆண்டு முழுக்க மறையாது என்று முதல் வரைவில் எழுதியிருந்தது. அது 45 பாகைக்கு வடக்கே உள்ள நாடுகளின் வானம். பெங்களூரில் துருவ நட்சத்திரமே அடிவானத்திலிருந்து 13 பாகை உயரத்தில்தான் இருக்கிறது, டிராகன் கூட்டமோ எழுந்து மறையும். அழல்வரையரின் மலை வடக்கே இருப்பதால் வரி தப்பியது. ஆனால் இதைச் சரிபார்க்கப் போனவர் வேறொன்றைக் கண்டுவந்தார். பூமியின் அச்சு சுமார் 26,000 ஆண்டில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. 750 ஆண்டு வாழும் ஒருவர் கண்முன்னால் வானத்தின் துருவம் நான்கு பாகை நகர்ந்திருக்கும், எட்டு முழுநிலவை வரிசையாக வைத்த தூரம். மனிதர் யாரும் வாழ்நாளில் பார்த்துணர முடியாத ஒன்று அது. அழல்வரையர் கிழவர்கள் வயதை ஆண்டில் சொல்வதில்லை, துருவம் எத்தனை நிலா நகர்ந்தது என்று சொல்வார்கள்.

சாம்பல்

சாம்பல் பூச்சின் விதி: டிராகன் உறங்கிய இடத்துச் சாம்பலை ஓர் ஆழாக்கு எடுத்துப் பத்து நிமிடம் உடலெங்கும் பூச வேண்டும். ஒரு மணி நேரம் அந்த டிராகனின் மூச்சு வகைச் சேதம் பாதியாகும். ஒரு நீள் ஓய்வுக்கு (இரவுத் தூக்கம் போன்ற முழு ஓய்வுக்கு) ஒரு முறை. முதலில் அளவு இல்லாமல் எழுதியதால் பிளேயர் ஒருவர் தான் நான்கு மணி நேரத்தில் ஓய்வை முடிப்பதைக் காட்டி நாளுக்கு ஆறு முறை பூசலாம் என்றார். 24 மணி நேரத்தில் ஒரே ஒரு நீள் ஓய்வுதான் பலன் தரும் என்ற பொது விதி அதை அடைத்தது. ஆழாக்கு அளவு மீதியை அடைத்தது. ஊரை விட்டுப் போகும்போது ஒரு படி சாம்பல் கொடுத்தனுப்புவார்கள், எட்டு ஆழாக்கு, எட்டு முறை. ஒன்பதாவது முறைக்கு ஊர் திரும்ப வேண்டும்.

பயன் எவ்வளவு? வளர்ந்த செந்நிற டிராகனின் மூச்சு 18டி6, சராசரி 63. ஐந்தாம் லெவல் மந்திரவாதிக்கு, உடலுறுதி +1 என்றால், 27 ஹிட் பாயிண்ட். பூச்சில்லாமல் முழுச் சேதமும் வாங்கினால் 27 போக மீதி 36, அது அவருடைய முழு அளவைத் தாண்டுவதால் அந்த இடத்திலேயே சாவு. பூசியிருந்தால் 31. கீழே விழுவார், ஆனால் பிழைக்க வழி உண்டு. குழுவில் சிலர் இதை இன்னும் வலுவாக்கக் கேட்டார்கள். கூடாது. சாமியின் நெருப்பில் பக்தன் சிரித்துக்கொண்டே நடந்தால் மறுபடி முதல் தாளுக்கே போய்விடுவோம்.

எண்ணூற்றொன்று

எல்ஃப் 750இல் இறக்கிறார். அவரோடு பொரிந்த டிராகன் அப்போது இன்னும் வளர்ந்த பிரிவில்தான் இருக்கிறது. முதுடிராகனாக ஐம்பத்தோர் ஆண்டு பாக்கி. எந்த முதுடிராகனுக்கும் உடன்பொரிந்தவர் உயிரோடு இருக்கவே முடியாது என்பது இதன் பொருள். குகை வாசலில் இறந்தவருக்கு நடுகல் நிற்கும். அதில் பெரியவர் பெயரை வெட்டுவதில்லை, டிராகன் அழைத்துப் பழகிய சிறுவயதுப் பெயரைத்தான் வெட்டுவார்கள். டிராகனின் குஞ்சுப் பெயரை அறிந்திருந்த கடைசி ஆளும் அந்தக் கல்லுக்குக் கீழே.

ஆட்டத்தில் இப்போது செந்நிற டிராகனுக்கு வயது 796. இன்னும் ஐந்தாண்டில் அதன் ஹிட் பாயிண்ட் 256இலிருந்து 546 ஆகும், அச்சப் பார்வையின் டிசி 19இலிருந்து 21 ஆகும். இந்தப் பதிப்பில் தப்புவதற்கான உருட்டில் (சேவிங் த்ரோ) இருபது விழுந்தாலே தேறிவிட்டதாகக் கணக்கில்லை. +0 உடைய ஊர்க்காரர் எதை உருட்டினாலும் 21ஐத் தொட முடியாது. இதுவரை பட்டியலில் பெயர் விட்டுப்போனாலும் பத்தில் ஒருவர் தன் பலத்தால் தட்டுத் தூக்கி முன்னே போக முடிந்தது. இனி இருநூறு பேரில் ஒருவராலும் முடியாது. அடுத்த செஷனில் பூசாரி பட்டியலைப் படிக்கப்போகிறார், பிளேயர் ஒருவர் ஆடும் பாத்திரத்தின் தாய்க்கும் பூசாரிக்கும் முட்டைத் தகராறு இன்னும் தீரவில்லை.